பொருள்: பிரைட்னஸ் டெம்பரேச்சருக்குத் தமிழ்

அன்புள்ள குழுவினருக்கு,
சனியின் நிலவான என்செலடஸின் பனித்தரை பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பிரைட்னஸ் டெம்பரேச்சர்' வரும் இடமெல்லாம் 'ஒளிர்வு வெப்பநிலை' என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபம் உண்டா?

> ஆட்சேபம் உண்டா?

உண்டு. சூரிய ஒளியைப் பெரும்பாலும் திருப்பியனுப்பும் பளீர் வெள்ளைப் பனி அது; அதனாலும்தான் அத்தனை குளிர். 'ஒளிர்வு' என்றால் வெளுத்த இடமே சூடான இடம் என்று மாணவர் படிப்பார். கருவிக்கு வருவதோ தரை தானே உமிழும் கதிர். குறித்த அலைநீளத்தில் அதே அளவு கதிரைத் தர ஒரு கரும்பொருள் (தன்மேல் படும் கதிர் முழுவதையும் உட்கொள்ளும் இலட்சியப் பொருள்) எந்த வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்று, வெப்பநிலையிலிருந்து கதிரளவைத் தரும் பிளாங்க் சமன்பாட்டைத் தலைகீழாகப் போட்டுக் காண்கிறோம்; அதுவே பிரைட்னஸ் டெம்பரேச்சர். உமிழ்திறன் (கரும்பொருள் உமிழ்வதில் எத்தனை பங்கை உமிழ்கிறது என்பது) 0.9 என்று கொண்டால், 100 கெல்வின் தரை 29 மைக்ரோமீட்டரில் சுமார் 98 காட்டும். 1 மில்லிமீட்டரில் 91தான். எனவே 'கரும்பொருள்நிகர் வெப்பநிலை'.

> கரும்பொருள்நிகர்

அட்டவணைத் தலைப்பில் அடங்காது ஐயா. 'பொலிவு வெப்பநிலை' ஆகாதா? 'பொற்பே பொலிவு' என்று தொல்காப்பியத்தின் உரியியலே சொல்கிறது.

> உரியியலே

அதே உரியியலில் 'வெம்மை வேண்டல்' என்றும் இருக்கிறது. வெப்பநிலையை விருப்பநிலை ஆக்கிவிடலாமா? எனக்கு உறுத்துவது வேறு. 70 கெல்வின் (சுமார் −203 °C) குளிரை 'வெப்ப'நிலை என்பதா? நண்பு நட்பானதுபோல் தண்பு தட்பு, அதன்மேல் அம் சேரத் தட்பம். 'தட்பநிலை' என்க.

> தட்பநிலை என்க

தட்பநிலை உயர்ந்தது என்றால் குளிர் கூடியதா, குறைந்ததா?

விஷயத்துக்கு வருவோம். 'தோற்ற வெப்பநிலை' போதாதா?

> தோற்ற வெப்பநிலை

ஏதோ பிரமை என்பதுபோல் இருக்கிறது. என்செலடஸின் தென்துருவத்தில் உள்ள சூடான பனிப்பிளவுகளை எடுங்கள். ஒரு படப்புள்ளிக்குள் 99 விழுக்காடு 70 கெல்வின், 1 விழுக்காடு 180 கெல்வின் என்றால், 10 மைக்ரோமீட்டரில் 114 வரும், 100 மைக்ரோமீட்டரில் 71. குறுகிய அலைநீளத்தில் சூடான கீற்றே மேலோங்கும். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் பிளவின் சூட்டையும் பரப்பையும் பிரிக்கிறோம். இது பிழையில்லை, தடயம். 'கதிர்வீச்சு வெப்பநிலை'யும் வேண்டாம்; அது எல்லா அலைநீளத்தையும் கூட்டிக் காண்பதற்கு வேண்டும்.

பெரும்பான்மை, அல்லது களைப்பு, 'ஒளிர்வு' பக்கம். முதல் இடத்தில் 'அகச்சிவப்பு ஒளிர்வு வெப்பநிலை' என்றும், ஒவ்வோர் எண்ணோடும் அலைநீளமும் போட்டு அனுப்புகிறேன்.

> அகச்சிவப்பு

1 மில்லிமீட்டர் அளவீடு அகச்சிவப்பா? கரும்பொருள்நிகர் என்பதில் இந்தச் சிக்கலே இல்லை. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.