‘மயங்கு தேதி’ சரிதானா? நாளை காலைக்குள் முடிவு வேண்டும்

அன்புள்ள நண்பர்களே,

மொழிபெயர்ப்பை நாளை காலை ஒப்படைக்க வேண்டும். மீதமிருப்பது ஒரே ஓர் எச்சரிக்கை வரி. 03/04/2025 என்று ஒருவர் உள்ளிட்டால் அது திரையில் தோன்றும். அமெரிக்கர் இதை மார்ச் 4 என்று படிப்பார்; பிரிட்டனில் இருப்பவர் ஏப்ரல் 3 என்பார். நாளின் எண் 12-ஐத் தாண்டாமல், மாத எண்ணிலிருந்து வேறுபட்டிருந்தால் போதும், சிக்கல்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஆண்டுக்கு 132 நாட்கள்! இத்தகைய தேதிக்குத்தான் உங்களிடம் பெயர் கேட்டிருந்தேன். வந்த பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> ‘ஐயத் தேதி’ போதுமே.

போதாது அம்மா. ஐயம் வந்தால் படிப்பவர் நின்று கேட்டுவிடுவார். இங்கே யாருக்கும் ஐயமே வருவதில்லை. ஆளுக்கொரு நாளை உறுதியாக நம்பிக் காத்திருக்கிறார்கள். நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் ‘மயங்க வைத்தல்’ ஒன்று. பிழையை எழுதியவர் பக்கம் வைக்கிற சொல் அது. அதனால்தான் ‘மயங்கு தேதி’ என்கிறேன். வினைத்தொகை என்பதால் முக்காலத்துக்கும் பொருந்தும்; போன மாதத் தேதியானாலும் வரப்போகும் தேதியானாலும் பெயர் மாறாது.

> தேதி, ‘திதி’யின் வழி வந்தது. ‘நாள்’ என்போம். மாதத்தையும் ‘திங்கள்’ ஆக்கிவிடலாம்.

ஐயா, தேதியும் திகதியும் திதியின் வழி வந்தவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘நாள்’ ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. பகல் மட்டும் நாள், இரவும் பகலும் சேர்ந்தாலும் நாள். சங்கப் பாடல்களிலோ விண்மீனே நாள்மீன், கோள்கள் கோள்மீன். (அந்தப் பகுப்பின் அழகை எழுதத் தொடங்கினால் விடிந்துவிடும்.) ‘திங்கள்’ இன்னும் சிக்கல். படிவத்தில் ஒரு பெட்டியின் மேல் ‘திங்கள்’ என்று மட்டும் இருந்தால், அதில் மாதத்தை எழுதுவதா, கிழமை என்று நினைத்து விட்டுவிடுவதா? ஒரு மயக்கத்தைத் தீர்க்கப் போய் இன்னொன்றை நாமே உண்டாக்கலாமா?

> 2025-04-03 என்ற முறையை ‘இறங்குவரிசைத் தேதி’ எனலாம்.

பெரிய அலகிலிருந்து சிறியதற்கு இறங்குவதால் பெயர் பொருத்தம்தான். 1988-இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தேதித் தரம் கேட்பதும் இந்த முறையைத்தான். இப்படித் தேதியிட்ட கோப்புகளைப் பெயர்வாரியாக அடுக்கினாலே காலவரிசை வந்துவிடுகிறது. ஆனால் அதே திரையில் ‘ஏறுவரிசை’, ‘இறங்குவரிசை’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. இறங்குவரிசைத் தேதிகளை ஏறுவரிசையில் அடுக்கு என்றால் யாருக்குப் புரியும்? ‘ஆண்டுமுதல் தேதி’ என்று மாற்றிப் பார்த்தேன். ஆண்டு தொடங்கியதிலிருந்து என்று படிக்க இடமிருக்கிறது. ஆகவே ‘ஆண்டு-மாதம்-நாள் முறை’ என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டேன். நீளம்தான், ஆனால் தவறாகப் படிக்க முடியாது.

எச்சரிக்கை வரி இப்போதைக்கு இப்படி இருக்கிறது: “இது மயங்கு தேதி. மாதத்தை எழுத்தில் தாருங்கள்: 3 ஏப்ரல் 2025.”

இதுவரை மூவர் இதை ஏற்றிருக்கிறார்கள். ஐயா இன்னும் ‘மயங்குநாள்’ என்றே நிற்கிறார். சொற்பட்டியலில் அதையும் பக்கத்திலேயே குறித்துவைத்திருக்கிறேன். யாரோ மயங்கி விழுந்த நாள் என்று அதைப் படித்துவிட மாட்டார்களா, ஐயா?