பலெர்மோ உறவுகள்: ஞாயிறு காலை

சுமதி மாமி: [படம்] புனித ரொசாலியா கோயிலுக்கு மலையேறும் பாதையோரம் கண்டேன். பூவில் ஒரு வண்டு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. கையால் விசிறிப் பார்த்தும் பறக்கவில்லை. செத்துவிட்டதோ?

நிலா: மாமி, அது வண்டு இல்லை, பூவேதான்! ஒஃப்ரிஸ் ஆர்க்கிட். கீழ் இதழ்தான் அப்படி ஏய்க்கும்.

ரவி சித்தப்பா: பூவை அடையாளம் சொல்லும் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். ஒஃப்ரிஸ் அபிஃபெரா, தேனீ ஆர்க்கிட். விஷயம் முடிந்தது.

நிலா: முடியவில்லை சித்தப்பா 😄 ரோஸ் நிறத்தைக் கண்டதும் ஆப் அதைத்தான் சொல்லும். மார்ச் தொடக்கம் அபிஃபெரா பூக்கக் கொஞ்சம் முந்தி. மாமி, பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கோ, கீழ் இதழின் நுனி தெரியவேணும். பறிக்காதேங்கோ.

சுமதி மாமி: குனிந்தால் முழங்கால் விடாது. சரி, பொறு.

சுமதி மாமி: [3 படங்கள்]

நிலா: அருமை! நுனியில் குடுமி மாதிரி முடிக்கற்றை தெரிகிறதா? அதற்குக் கீழே குட்டி மூக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கிறது. அபிஃபெராவில் குடுமி இல்லை, மூக்கும் பின்னால் மடிந்து ஒளிந்திருக்கும். ஓரமெல்லாம் மஞ்சள் முடி வேறு. இது ஒஃப்ரிஸ் டென்திரெடினிஃபெரா.

ரவி சித்தப்பா: பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பூ வாடிவிடும்.

நிலா: பெயரும் பொருந்தாது. ரம்பப்பூச்சியைச் சுமப்பது என்று அர்த்தம், ஆனால் வருவது யூசெரா என்ற நீளக்கொம்புத் தேனீயின் ஆண். பெண் தேனீயின் வாசனையைப் பூ விடுகிறது. அவர் ஏமாந்து வந்து கட்டிப்பிடிக்க, மகரந்தப் பொட்டலம் தலையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவிலும் ஏமாறுவார். தேன் ஒரு சொட்டும் கிடையாது.

ரவி சித்தப்பா: பாவம் மனுசன்.

அப்பாச்சி: வேரோடு ஒன்று கிளப்பிச் சாடியில் வை பிள்ளை.

நிலா: வேண்டாம் அப்பாச்சி. மண்ணில் இருக்கும் பூஞ்சையோடு சேர்ந்துதான் அது பிழைக்கிறது, சாடியில் தங்காது. மலையும் இயற்கைக் காப்பகம்.

சுமதி மாமி: [படம்] பக்கத்தில் இன்னொன்று. இதற்கு ஓரம் முழுக்க அகல மஞ்சள்.

நிலா: ஐயோ, ஒஃப்ரிஸ் லுட்டேயா! அதில் தேனீ தலைகீழாக உட்காரும். மகரந்தம் தலையில் இல்லை, பின்பக்க நுனியில் ஒட்டும். பூவுக்குப் பூ உத்தி வேறு. இன்னும் இருக்கிறதா பாருங்கோ.

ரவி சித்தப்பா: அக்கா, நீங்கள் கோயிலுக்குப் போனீங்களா இல்லையா?

சுமதி மாமி: இன்னும் பாதி வழியும் ஏறவில்லை.