ஊரில் செல்லும் ரேஷன் அட்டை தாராவியில் ஏன் செல்லவில்லை?

தாராவிவாசி கேட்கிறார்:
அனைவருக்கும் வணக்கம். என் தங்கை குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூன்று மாதங்களுக்கு முன் வந்து, 90 அடிச் சாலைக்கு அருகே வாடகைக்கு இருக்கிறது. ஊரில் மாதந்தோறும் விலையில்லா அரிசி வாங்கிய அதே ஸ்மார்ட் அட்டையை இங்குள்ள கடையில் நீட்டியபோது, இயந்திரம் ஏற்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் இரு மாநிலங்களும் சேர்ந்த பிறகும் இப்படி நடப்பது கடைக்காரரின் குறையா, திட்டத்தின் குறையா?

மாட்டுங்கா அன்பர்:
அண்ணாச்சி, அட்டையில் உள்ள குறியீட்டைப் பாருங்கள். பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது ஏ.ஏ.ஒய். (மிக வறிய குடும்பங்களுக்கான அந்த்யோதயா) என்றிருந்தால் அது 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். விரல்ரேகை வைத்து எங்கும் தானியம் வாங்கலாம். என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்றிருந்தால், அந்த அரிசியைத் தமிழ்நாடு தன் பொறுப்பில் தருகிறது; அது மாநில எல்லையைத் தாண்டாது.

தாராவிவாசி:
என்.பி.எச்.எச். என்றுதான் இருக்கிறது. ஊரில் இந்த வேறுபாட்டை யாரும் பொருட்படுத்தியதே இல்லை.

செம்பூர்க்காரர்:
பொருட்படுத்தத் தேவை இருந்ததில்லை. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்துப் பயனாளிகளைப் பிரித்தபோது தமிழ்நாடு அதை ஏற்காமல், எல்லோருக்குமான விநியோகத்தையே தொடர்ந்தது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைகளுக்கு அரிசியும் விலையில்லாமல் கிடைக்கிறது. ஆகவே ரயிலேறும் வரை அந்தக் குறியீடு வெறும் எழுத்துதான்.

குறை திட்டத்தில்தான் என்பது என் கருத்து. கிராமங்களில் 75 சதவீதம், நகரங்களில் 50 சதவீதம் வரை என்று பயனாளிகளுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்த வரம்பு 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் 81 கோடிப் பேராக நிர்ணயிக்கப்பட்டது. 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் அந்த எண்ணிக்கையே நீடித்தது. அட்டையை எங்கும் பயன்படுத்த வழி செய்தவர்கள், யாருடைய அட்டை என்ற கேள்வியைப் பழைய கணக்கிலேயே விட்டுவிட்டார்கள். மகாராஷ்டிர நகரங்களில் முன்னுரிமைப் பிரிவுக்கான ஆண்டு வருமான வரம்பு 59,000 ரூபாய், அதாவது மாதம் ஐயாயிரத்துக்கும் குறைவு. அந்த வருமானத்தில் தாராவியில் ஓர் அறைக்கு வாடகை கொடுக்க முடியுமா என்று வரம்பு வகுத்தவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

மாட்டுங்கா அன்பர்:
இன்னொன்று: பி.எச்.எச். அட்டை இருந்தாலும் ஆளுக்கு 5 கிலோ தானியம் மட்டுமே இங்கே கிடைக்கும். துவரம் பருப்பும் பாமாயிலும் நம்மூர்க் கடையோடு சரி. குடும்பம் பிரிந்திருந்தால் ஒரு பகுதியை இங்கும் மீதியை ஊரிலும் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் தங்கை இங்கே புது அட்டைக்கு விண்ணப்பிக்க எண்ணினால், அதற்கு ஊர் அட்டையிலிருந்து பெயர்களை நீக்க வேண்டியிருக்கும். முன்னுரிமைப் பிரிவு கிடைக்கும் என்று உறுதியாகாமல் அவசரப்பட்டு நீக்கினால் அங்கும் இல்லை, இங்கும் இல்லை என்றாகிவிடும்.

தாராவிவாசி:
நல்லவேளை சொன்னீர்கள். நீக்கல் சான்றிதழுக்கு நாளை மறுநாள் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தார்கள், நிறுத்தச் சொல்கிறேன்.