லூசர்னில் அம்மாவோடு ஒரே ஒரு நாள்: ஏரியா, மலையா?

மார்த்தாண்டம்தேன்:
மக்களே, ஒரு யோசனை வேண்டும். தங்கச்சி சுவிட்சர்லாந்தில், சூரிக்கில் நர்ஸ். செப்டம்பரில் நானும் அம்மாவும் போகிறோம். அவளுக்கு டூட்டி இல்லாத நாள் ஒரே ஒரு ஞாயிறுதான் கிடைத்திருக்கிறது, அன்று லூசர்ன் போய்விட்டு இரவுக்குள் திரும்ப வேண்டும். கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் மலை ரயிலில் ஏறாமல் வந்தால் லூசர்ன் போனதே வீண் என்கிறார்களாம். அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி. சமதரையில் மெதுவாக எவ்வளவு தூரமும் நடப்பார், படி என்றால் பேச்சே கிடையாது. "நம்ம ஊர்ல இல்லாத குளமா, அதைப் பாக்கவா இவ்வளவு காசு" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். மாட்டிறைச்சி தொடமாட்டார், மீன் என்றால் சந்தோஷம். போனவர்கள் சொல்லுங்கள், எதைப் பார்ப்பது, எதை விடுவது?

குளச்சல்_கரை:
மலையை விடுங்கள். நாங்கள் நாலு பேர் போனோம், டிக்கெட் காசை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும். மேலே போய்ச் சேர்ந்தால் சுற்றிலும் வெள்ளை, பக்கத்தில் நின்ற மச்சானே சரியாகத் தெரியவில்லை. மலை உச்சியில் கேமரா வைத்திருக்கிறார்கள், போனிலேயே பார்க்கலாம் என்று இறங்கின பிறகுதான் ஒருவர் சொன்னார்.

சூரிக்கிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் சொச்சம்தான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நேர் எதிரே ஏரி, படகுத் துறையும் அங்கேயே. இடது பக்கம் கொஞ்சம் நடந்தால் சேப்பல் பாலம், 14ஆம் நூற்றாண்டு மரப்பாலம், மேலே ஓட்டுக் கூரை, ஆற்றுக்குக் குறுக்கே நேராகப் போகாமல் கோணலாகப் போகும். கூரைக்கு அடியில் முக்கோணப் பலகைகளில் 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். 1993 ஆகஸ்டில் தீப்பிடித்து நிறைய எரிந்துபோனது, அடுத்த வருஷமே பாலத்தைத் திரும்பக் கட்டித் திறந்துவிட்டார்கள். நடக்கும்போது அண்ணாந்து பாருங்கள், கரிந்த மரமும் புது மரமும் ஒட்டி நிற்கிற இடம் தெரியும். பக்கத்தில் எட்டுப் பட்டைக் கோபுரம் ஒன்று, பெயர் தண்ணீர்க் கோபுரம். நம்ம ஊர் வாட்டர் டேங்க் என்று நினைத்துவிடாதீர்கள், தண்ணீருக்குள் நிற்பதால் அந்தப் பெயர். உள்ளே சிறையும் கருவூலமும் இருந்ததாம்.

பேச்சிப்பாறை_ஷட்டர்:
எல்லாரும் அந்தப் பாலத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். அப்படியே ஆற்றங்கரையோடு கீழே நடந்தால் இன்னொரு மரப்பாலம் வரும், ஸ்ப்ராயர் பாலம். உமிப் பாலம் என்று நம்ம பாஷையில் சொல்லலாம், உமியையும் சருகையும் ஆற்றில் கொட்ட அந்த இடத்தில் மட்டும்தான் அந்தக் காலத்தில் அனுமதி. கூரையில் எலும்புக்கூடு வந்து ராஜா, பிஷப், கல்யாணப்பெண் என்று ஒருவர் விடாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் படங்கள். அம்மாவுக்குப் பிடிக்காது என்றால் வேகமாகக் கடந்துவிடுங்கள்.

நான் சொல்ல வந்தது அதுக்குப் பக்கத்தில் இருக்கும் அணை. 19ஆம் நூற்றாண்டில் கட்டினது. பழைய பகுதியில் ஷட்டர் கிடையாது, சக்கரம் கிடையாது. நீளமான மரக்கட்டைகளை ஆற்றுக்குள் வரிசையாக நெருக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஏரியில் தண்ணீர் ஏறினால் ஆள் போய்க் கட்டைகளைக் கையால் உருவிவிடுவார், குறைந்தால் திரும்பச் சொருகுவார். கிட்டத்தட்ட 114 சதுர கிலோமீட்டர் ஏரி, அதன் மட்டத்தைப் பார்த்துக்கொள்ள இன்றும் இந்தக் கட்டைகளையும் பயன்படுத்துகிறார்கள்! நம்ம குளத்து மடையில் பலகை போட்டு எடுத்ததைப் பார்த்து வளர்ந்தவன், அங்கே அரை மணி நேரம் நின்றுவிட்டேன், வீட்டுக்காரி கோபித்துக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டாள். உங்கள் அம்மா குளம் என்று சொன்னதும் இதுதான் ஞாபகம் வந்தது.

தக்கலை_தேக்கு:
மலையே வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வானம் தெளிந்திருந்தால் பிலாத்துஸ் போகலாம், 1889இல் போட்ட பல்சக்கர ரயில், 48 சதவீதச் சரிவு, பல்சக்கர ரயில்களில் உலகத்திலேயே செங்குத்தானது. இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன நம்ம பொந்தியு பிலாத்துவின் ஆவி அங்கே அலைகிறது என்று பழைய கதை, பெயரும் அதில் வந்தது என்பார்கள். ஆனால் ஒரு நாளில் ஊரும் மலையும் ரெண்டும் என்றால் மூட்டு வலிக்காரரை ஓட வைப்பீர்கள். அதுக்குப் பதில் ஏரியில் ஒரு மணி நேரப் படகு. விவேகானந்தர் பாறைக்கு வரிசையில் நிற்கிற மாதிரி இருக்காது, உட்கார்ந்தபடியே மலையெல்லாம் பார்க்கலாம்.

சிங்கச் சிலையை மட்டும் விட்டுவிடாதீர்கள், பஸ் போகும். 1792இல் பாரிஸில் பிரெஞ்சு ராஜாவுக்குக் காவல் நின்று செத்த சுவிஸ் காவலர்களுக்காகப் பாறையிலேயே குடைந்தது, உடம்பில் ஈட்டி முறிந்து கிடக்க, சாகிற சிங்கம். சிதறால் மலைப் பாறைச் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்குக் குடைந்த பாறை புதுசில்லை, ஆனால் அந்த முகத்தில் இருக்கிற வலி வேறு.

கோட்டாறு_சந்தை:
யாரும் சொல்லவில்லையே! சேப்பல் பாலத்துப் பக்கத்திலேயே ஆற்றங்கரையில் ரெண்டு கோபுரத்தோடு ஒரு பெரிய வெள்ளைக் கோயில் இருக்கிறது, சேசு சபைக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் கட்டினது. அது யார் பெயரில் தெரியுமா? நம்ம புனித பிரான்சிஸ் சவேரியார். 1540களில் நம்ம கடற்கரையில் நடந்து திரிந்தவர், கோட்டாற்றில் இருக்கிற அதே சவேரியார். நான் தெரியாமல்தான் உள்ளே போனேன், பெயர்ப் பலகையைப் பார்த்ததும் சிலிர்த்துவிட்டது.

மார்த்தாண்டம்தேன்:
அம்மாவிடம் கோயில் விஷயத்தைச் சொன்னேன். டிசம்பர் 3 சவேரியார் திருவிழாத் தேர் தவறவிடாதவர். "அப்போ குளம் கிடக்கட்டும், சவேரியார் கோயிலுக்குத்தான் முதல்ல" என்கிறார். நேர்ச்சைக் காசு ரூபாயில் போட்டால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கிறார், நான் என்ன பதில் சொல்ல?

கோட்டாறு_சந்தை:
தங்கச்சியிடம் ரெண்டு பிராங்க் வாங்கிப் போடச் சொல்லுங்கள். ஞாயிறு பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க உள்ளே போகாதீர்கள், பூசைக்கே போய் உட்காருங்கள். ஜெர்மன் புரியாவிட்டாலும் எப்போது எழும்புவது என்று அம்மாவுக்குத் தெரியும். அப்புறம், ஞாயிறு ஊரில் கடை எல்லாம் அடைத்துக் கிடக்கும், ஸ்டேஷனுக்குள் இருக்கிற கடைகள் திறந்திருக்கும். ஓட்டலில் மீன் கேட்டால் பில்லைப் பார்த்து அம்மா மயங்கிவிடுவார், வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், தெரு முனைக் குழாயில் வருவதே குடிக்கலாம்.