டிக்ரீஸ், ரெட்யூஸ்: எதை எங்கே போடுவது?

சாட்ஸ்வர்த் அம்மா: மகள் ஆங்கிலத்தில் 'டிக்ரீஸ்' (decrease) வரும் இடத்தில் எல்லாம் 'ரெட்யூஸ்' (reduce) போட்டால் டீச்சர் சுழித்துவிடுகிறார். இரண்டும் குறைவதுதானே?

டர்பன் வாசி: அக்கா, 'ரெட்யூஸ்' நாம் குறைப்பது, கடைக்காரர் விலையை ரெட்யூஸ் செய்வார். தானாகக் குறைந்தால் 'டிக்ரீஸ்', மக்கள்தொகை மாதிரி. ஆனால் டிக்ரீஸை நாம் குறைப்பதற்கும் போடலாம், தப்பில்லை. பேச்சில் 'கட்', 'கோ டவுன்'தான் அதிகம், வலி குறைந்தால் 'ஈஸ்'.

ஃபீனிக்ஸ் தம்பி: குழம்பைச் சுண்ட வைப்பதும் ரெட்யூஸ்தான், அங்கே டிக்ரீஸ் போட்டால் சிரிப்பார்கள். அப்புறம் நம்ம தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங் என்பார்களே, மின்சாரம் போதாதபோது பகுதி பகுதியாக நிறுத்திச் சுமையை இறக்குவது, அந்த 'ஷெட்' (shed) உடல் எடையைக் குறைப்பதற்கும் வரும்.

சாட்ஸ்வர்த் அம்மா: சரி, 'லெசன்' என்று ஒன்று வருகிறதே, அது பாடம் இல்லையா?

டர்பன் வாசி: ஒலி ஒன்று, எழுத்து வேறு அக்கா. கடைசி 'என்'னுக்கு முன்னால் குறைப்பதற்கு ஈ (lessen), பாடத்துக்கு ஓ (lesson).