பங்களிப்பாளரைத் தடை செய்தபோது என்ன நடந்தது? தெரிந்த வழக்குகளைப் பகிருங்கள்

கர்னல்வாசி எழுதியது:

கட்டற்ற மென்பொருள் குழுவில் ஒருவரைத் தடை செய்தால் உடனே "அவர் நல்லவரா, கெட்டவரா" என்று பேச்சு திரும்பிவிடுகிறது. குழுவை உடைப்பது அந்தக் கேள்வி இல்லை. எதைத் தடுத்தார்கள், எதுவரை தடுத்தார்கள், முடிவெடுத்தது யார், அவர் கையில் இருந்த கோடு, அதாவது நிரல், யாரிடம் போனது என்று நாலு கேள்வி இருக்கிறது. இதில் ஒன்றுக்குப் பதில் இல்லாமல் போனாலும் சண்டை மாதக்கணக்கில் ஓடும். நன்றாகத் தெரிந்த வழக்குகளை மட்டும் எழுதுங்கள். முதலில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல்.

பிகேச்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் (டிஸ்க்கில் கோப்புகளைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் மென்பொருள்) 6.7 பதிப்பில் கர்னலுக்குள் வந்தது. அதை எழுதிப் பராமரித்தவர் கென்ட் ஓவர்ஸ்ட்ரீட். 2024இல் மெமரி மேனேஜ்மென்ட் பற்றிய ஒரு விவாதத்தில் சக டெவலப்பர் ஒருவரை அவர் பொதுவில் கடுமையாகத் திட்டி எழுதினார். நடத்தை விதிக் குழு, பொதுவில் ஏற்பட்ட காயத்தைப் பொதுவிலேயே ஆற்ற வேண்டும் என்று எதிர்பார்த்தது. அது நடக்கவில்லை. நவம்பரில் முடிவு வந்தது: 6.13 உருவாகும் சுற்று முழுக்க அவரிடமிருந்து வரும் புல் ரிக்வெஸ்ட் (கோடு மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) எதுவும் ஏற்கப்படாது.

இந்த முடிவின் அளவைக் கவனியுங்கள். தடுக்கப்பட்டது புல் ரிக்வெஸ்ட். காலம் ஒரே ஒரு ரிலீஸ் சுற்று. கர்னலில் ஒரு சுற்று ஒன்பது பத்து வாரம் ஓடும், 6.13 வெளிவந்தது 2025 ஜனவரி 19 அன்று. அடுத்த சுற்றான 6.14இல் அவர் கோடு வழக்கம்போல மெர்ஜ் ஆனது, அதாவது கர்னலோடு சேர்க்கப்பட்டது. தடை எப்போது முடியும் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

முடிவெடுக்கும் வழியும் எழுத்தில் வந்தது. நடத்தை விதிக் குழு பரிந்துரைக்கும். தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைத்தால்தான் தடை அமலாகும். பேட்ச் (அனுப்பும் கோடு மாற்றம்) மறுப்பது, மின்னஞ்சலை அடைப்பது, மெயிலிங் லிஸ்ட்டில் எழுத விடாதது என்று தடையின் வகைகளையும் விதிகளில் சேர்த்தார்கள். அதில் ஒரு குறை உண்டு. அந்த விளக்கம் சேர்ந்தது ஏறக்குறைய இதே வழக்கு ஓடிய நாட்களில். வழக்கு நடக்கும்போது சட்டம் எழுதினால், அந்தச் சட்டம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், ஆளைப் பார்த்து எழுதினார்கள் என்ற பேச்சு வரத்தான் செய்யும். இந்த விதி 2018இல், நடத்தை விதிகளை ஏற்ற அன்றே இருந்திருக்க வேண்டும்.

பைதான்மரம் எழுதியது:

பைதான் நிரல்மொழித் திட்டத்தில் 2024 ஆகஸ்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். டிம் பீட்டர்ஸ் என்ற பெயரைப் பைதான் எழுதும் எல்லோருக்கும் தெரியும். லிஸ்ட்டை வரிசைப்படுத்தும் டிம்சார்ட் அவருடையது. அவரைப் பைதானை வழிநடத்தும் ஸ்டீயரிங் கவுன்சில் மூன்று மாதம் நிறுத்திவைத்தது. அறிவிப்பில் பெயர் இல்லை. யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குற்றச்சாட்டுகள் பட்டியலாக வந்தன, ஆனால் எந்தப் பதிவில், எந்த வரியில் என்ற இணைப்பு ஒன்றுகூட இல்லை.

பட்டியலில் எண்ணோடு வந்தது ஒன்றே ஒன்று: விதிமுறைத் திருத்தம் பற்றிய விவாதத்தில், அதை மூடும் நேரத்தில் இருந்த 177 பதிவுகளில் 47 அவருடையவை. நாலில் ஒன்றுக்கும் மேல். அந்தத் திருத்தம் எது தெரியுமா? பைதான் அறக்கட்டளையின் ஃபெல்லோ (சேவைக்காகக் கௌரவிக்கப்பட்ட உறுப்பினர்) ஒருவரை, நடத்தை விதி மீறலுக்காக, இயக்குநர் குழு சாதாரணப் பெரும்பான்மையில் நீக்கலாம் என்பது. அதாவது ஆளை நீக்கும் விதியைப் பற்றி அதிகம் பேசியதும் ஆளை நிறுத்தியதற்கான காரணங்களில் ஒன்றாக எழுதப்பட்டது. பிறகு ஓட்டெடுப்பில் 81% பேர் ஆதரித்தார்கள், ஆகவே சர்ச்சை ஊதிப் பெருக்கப்பட்டது என்றும் அதே அறிவிப்பு சொன்னது. இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தோற்ற தரப்பு தோற்றதாலேயே அதன் பேச்சு தொந்தரவு ஆகிவிடாது.

அதற்காகப் பட்டியலில் இருந்த எல்லாமே அற்பம் என்று சொல்ல மாட்டேன். பாலியல் தொந்தரவு போன்ற விஷயங்களை லேசாகப் பேசியது, புண்படுத்தும் சொற்களைப் பயன்படுத்தியது என்ற குற்றச்சாட்டுகளும் இருந்தன. அவை உண்மையானால் கனமானவை. அதனால்தான் இணைப்பு தேவைப்பட்டது. இணைப்பு இல்லாததால் ஒவ்வொருவரும் பழைய பதிவுகளைத் தோண்டி, தனக்குத் தோன்றிய வரியை எடுத்துவைத்து, இதுதானா அது என்று கேட்க ஆரம்பித்தார்கள். புகார் தந்தவர் யார் என்பதை மறைக்க வேண்டும், சரி. பொதுவில் எழுதிய பதிவை மறைத்து யாரைக் காப்பாற்றுகிறோம்?

அதிகம் எழுதுகிறார் என்பதுதான் பிரச்சினை என்றால் அதற்குத் தடை மருந்து இல்லை. விவாதம் நடக்கும் டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளில் ஸ்லோ மோட் இருக்கிறது: அந்த ஒரு விவாதத்தில் ஒருவர் ஒரு பதிவு போட்டால் அடுத்ததற்கு, வைத்த நேரம் வரை, காத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி, யாரையும் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த படி சைலன்ஸ். அந்த ஆள் உள்ளே வந்து படிக்கலாம், எழுத முடியாது. சஸ்பெண்ட் என்றால் லாகினே ஆகாது. நேரே கடைசிப் படிக்குத் தாவினால் நடுவில் என்ன முயன்றீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

குறுக்குவெட்டு எழுதியது:

மாடரேட்டர்களே தடுமாறிய கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் ரஸ்ட் மொழியின் மாடரேஷன் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது. காரணம், திட்டத்தை வழிநடத்தும் கோர் டீம் யாருக்கும் பதில் சொல்லாத இடத்தில் இருக்கிறது, அதன்மேல் விதியை அமல்படுத்த வழியில்லை என்பது. விதி எல்லோருக்கும் பொது என்று எழுதிவிட்டு, மேலே இருப்பவர்மேல் புகார் வந்தால் அதை அவர்களே விசாரிப்பது வேலிக்கு ஓணான் சாட்சி சொல்வது போலத்தான். அங்கே கோர் டீமின் இடத்தில் லீடர்ஷிப் கவுன்சில் வர 2023 ஆகிவிட்டது.

2017இல் ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ் திட்டத்திலும் இதே முடிச்சுதான். தொழில்நுட்ப வழிகாட்டுக் குழுவின் உறுப்பினர் ஒருவரை நீக்கலாமா என்று அந்தக் குழுவே ஓட்டெடுத்தது. நீக்கத் தீர்மானம் தோற்றது. தோற்றவர்களில் சிலர் விலகினார்கள். அயோ என்ற பெயரில் ஒரு ஃபோர்க், அதாவது அதே கோடிலிருந்து பிரிந்த தனித் திட்டம், கிளம்பியது. அது நிலைக்கவில்லை.

டெபியன்திண்ணை எழுதியது:

மேல்முறையீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தைப் பாருங்கள். கணக்குகளை நிர்வகிக்கும் குழு ஒருவரின் டெவலப்பர் தகுதியை நீக்கலாம். ஆனால் அந்தக் குழு திட்டத் தலைவரின் பிரதிநிதிகள் மட்டுமே. டெபியன் அரசியலமைப்பின்படி, தலைவரோ பிரதிநிதியோ எடுத்த முடிவைப் பொதுத் தீர்மானத்தால் டெவலப்பர்கள் மாற்றலாம். தீர்மானத்தைக் கொண்டுவர இன்றைய உறுப்பினர் எண்ணிக்கையில் 5 டெவலப்பர்களின் ஆதரவு போதும்; 10 பேர் சேர்ந்தால், ஓட்டெடுப்பு முடியும்வரை அந்த முடிவை நிறுத்திவைக்கவும் கேட்கலாம். இந்தக் கதவு அடிக்கடி திறக்க வேண்டிய அவசியமில்லை. இருக்கிறது என்று தெரிந்தாலே முடிவெடுப்பவர்கள் காரணத்தை ஒழுங்காக எழுதுவார்கள்.

சாவிக்கொத்து எழுதியது:

கொள்கை பேசுகிறோம், நல்லது. முடிவெடுத்த அந்த ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிக் குளறுபடி இங்கேதான்.

தடை செய்யப்பட்டவரின் அணுகலை இந்த வரிசையில் எடுங்கள். முதலில் பாதுகாப்புக் குறைகளுக்கான தனி மெயிலிங் லிஸ்ட். இன்னும் வெளியிடாத ஓட்டைகள் அங்கே இருக்கும். அடுத்து ரிலீஸ் சாவி, பேக்கேஜ் களஞ்சியத்தின் டோக்கன் (அணுகல் குறியீடு), சிஐ (தானாகச் சோதித்து வெளியிடும் அமைப்பு) ரகசியங்கள், டொமைன் கணக்கு, கடைசியில் கோடில் நேரடியாக எழுதும் கமிட் உரிமை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கோடு வைக்கும் தளமான கிட்ஹப்பில் பெயரை எடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

பைதான் பேக்கேஜ் களஞ்சியமான பைபிஐயில் அவர் ஓனராக இருந்தால் இன்னொரு ஓனர்தான் அவரை நீக்க முடியும். அவர் மட்டுமே ஓனர் என்றால் நீங்கள் எடுத்த முடிவு காகிதத்தோடு சரி. கைவிடப்பட்ட பெயர்களை மாற்றித்தர பிஇபி 541 என்ற பைதான் விதி ஆவணம் இருக்கிறது, ஆனால் ஆள் இருக்கிறார், பதில் சொல்கிறார், தரமாட்டேன் என்கிறார் என்றால் அது கைகொடுக்காது. சண்டை வரும் முன்பே ஒவ்வொரு பேக்கேஜுக்கும் குறைந்தது இரண்டு ஓனர் வையுங்கள். இன்னொன்று: ரிலீஸ் செய்யும் சிஐ வேலையில் இருக்கும் டோக்கன் பெரும்பாலும் யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் உருவானது. அவரை நீக்கியதும் அடுத்த ரிலீஸ் அனுமதிப் பிழையோடு நிற்கும். டிரஸ்டட் பப்ளிஷிங்குக்கு மாறிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, உரிமை ஆளிடம் இல்லாமல் ரெப்போவின் (கோடு இருக்கும் களஞ்சியத்தின்) தானியங்கி வொர்க்ஃப்ளோவிடம் இருக்கும்.

கிட்ஹப்பில் நிறுவனக் கணக்கிலிருந்து ஒருவரை பிளாக் செய்யும்போது வரும் கால அளவுகள் 1, 3, 7, 30 நாள், அல்லது நாமே எடுக்கும்வரை. மூன்று மாதம் என்ற தேர்வே கிடையாது. "நாமே எடுக்கும்வரை" என்று போட்டால், தொண்ணூறாவது நாள் அதை எடுக்க வேண்டியவர் யார் என்று முடிவுக் குறிப்பிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் தண்டனைக் காலம் முடிந்தும் பிளாக் அப்படியே கிடக்கும். வேண்டுமென்றே செய்தார்கள் என்று அவர் நினைப்பதில் என்ன தவறு?

புதியவன்2 எழுதியது:

ஒரு சந்தேகம். தடையில் இருப்பவர் எழுதிய பேட்சை இன்னொருவர் அனுப்பினால்?

கர்னல்வாசி எழுதியது:

உரிமம் தடுக்காது. கர்னலில் பேட்சின் கீழே அனுப்புபவர் பெயரோடு வரும் சைன்ட்-ஆஃப்-பை வரியின் பின்னால் இருக்கும் உறுதிமொழியே, இன்னொருவர் சான்றளித்துத் தந்த கோடை மாற்றாமல் முன்னனுப்பலாம் என்று சொல்கிறது. எழுதியவர் பெயர் ஆதர் வரியில் நிற்கும், அனுப்புபவர் கீழே தன் வரியைச் சேர்ப்பார், பொறுப்பும் அவருடையது. கேட்க வேண்டியது இதுதான்: தடை ஆளுக்கா, கோடுக்கா? கர்னல் முடிவு "அவரிடமிருந்து வரும் புல் ரிக்வெஸ்ட்" என்று சொன்னது. உங்கள் அறிவிப்பிலும் "அவரிடமிருந்து" என்ற இந்த ஒரு சொல் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு மெயின்டெய்னர் (பராமரிப்பவர்) எடுப்பார், இன்னொருவர் திருப்பி அனுப்புவார், புதுச் சண்டை.

ரூட்பார்ட்டிஷன் எழுதியது:

பிகேச்எஃப்எஸ் கதை 6.13ஓடு முடியவில்லை, பயனர்களுக்கு வலித்தது அதற்குப் பிறகுதான். 2025 ஜூனில் 6.16இன் ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனை) கட்டத்தில், பிழைத்திருத்தம் மட்டும் போக வேண்டிய நேரத்தில், தரவை மீட்கும் புது வசதி ஒன்றை ஓவர்ஸ்ட்ரீட் அனுப்பினார். பயனரின் தரவு போகிறது, காத்திருக்க முடியாது என்பது அவர் வாதம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை மெர்ஜ் செய்துகொண்டே, 6.17 மெர்ஜ் விண்டோவில் (புது மாற்றங்களைச் சேர்க்கும் நாட்களில்) பிரிந்துவிடுவோம் என்று தோன்றுகிறது என எழுதினார். 6.17இல், எந்தப் பகுதியை யார் பராமரிக்கிறார் என்று சொல்லும் மெயின்டெய்னர்ஸ் கோப்பில் அதன் நிலை, வெளியே பராமரிக்கப்படுவது என்று மாறியது. 6.18இல் கோடே நீக்கப்பட்டது. இந்த முறை நடத்தை விதிக் குழு தீர்ப்பு எதுவும் இல்லை. மெர்ஜ் செய்பவர் செய்யவில்லை, அவ்வளவுதான்.

டிரைவர் ஒன்று போனால் ஒரு சாதனம் ஓடாது. ஃபைல்சிஸ்டம் போனால் இயங்குதளம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனே மவுண்ட் ஆகாது, அதாவது திறக்காது. இப்போது அதை டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக, கர்னலில் தனியாக ஏற்றும் மாட்யூலாகக் கட்ட வேண்டும். கர்னல் அப்டேட் வரும்போது மூன்று இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். புதுக் கர்னலின் ஹெடர் பேக்கேஜ் இல்லை என்றால் மாட்யூல் கட்டப்படாது. கட்டப்பட்டாலும், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொகுப்புக்குள் சேராவிட்டால் பூட்டில் ரூட் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாது. செக்யூர் பூட் ஆனில் இருந்து மாட்யூலில் கையொப்பம் இல்லை என்றால் கர்னல் அதை ஏற்றாது. சாவியை முதலிலேயே பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே ரீபூட் செய்யும் முன் டிகேஎம்எஸ் நிலையில் புதுக் கர்னல் எண்ணுக்கு எதிரே "இன்ஸ்டால்டு" என்று வருகிறதா பாருங்கள், இனிட்ராம்எஃப்எஸ்ஸின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு மாட்யூல் பெயரைத் தேடுங்கள், வேலை செய்யும் பழைய கர்னலை, பூட்டில் வரும் கிரப் மெனுவிலிருந்து அழிக்காதீர்கள்.

இதையெல்லாம் சாதாரணப் பயனர் செய்ய வேண்டியிருக்கிறது, அவர் யாரையும் திட்டவில்லை. தடையோ விலக்கலோ அறிவிக்கும்போது, இந்தக் கோடை நம்பி இருப்பவர்கள் எந்தப் பதிப்புவரை நிம்மதியாக இருக்கலாம், பிறகு எங்கே போக வேண்டும் என்று இரண்டு வரி அதே அறிவிப்பில் வேண்டும்.

டெபியன்திண்ணை எழுதியது:

பழைய வழக்கு ஒன்று. 1994 டிசம்பரில் நெட்பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளத்தின் குழு, அதன் டெவலப்பர் தியோ டி ராட்டை விலகச் சொன்னது. மூலக் கோடு இருக்கும் மரத்தில் எழுதும் உரிமையும் போனது. ஸ்பார்க் கணினிகளில் அதை ஓடவைக்கும் போர்ட்டில் அவர் செய்த வேலையை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்தது, முடிவு கிட்டவில்லை. 1995இல் அவர் தொடங்கிய தனித் திட்டமாக ஓபன்பிஎஸ்டி பிறந்தது. அங்கே அவர்கள் ஆரம்பத்திலேயே செய்த காரியம், யார் வேண்டுமானாலும் கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் சிவிஎஸ் மரத்தைப் படிக்கலாம் என்று திறந்துவிட்டதுதான். 1999இல் ஓபன்எஸ்எஸ்எச் அங்கிருந்து வந்தது. இன்று நாம் சர்வருக்குள் நுழைவது பெரும்பாலும் அதன் வழியேதான்.

சாவிக்கொத்து எழுதியது:

@புதியவன்2, உங்கள் கேள்வியோடு சேர்த்து ஒன்று. தடை நாளன்று அவரது திறந்த புல் ரிக்வெஸ்ட்களை மொத்தமாக மூடாதீர்கள். ஒவ்வொன்றிலும் யார் பார்ப்பார் என்று ஒரு பெயரை அசைன் செய்யுங்கள். ஆள் கிடைக்காததை மட்டும், காரணத்தை ஒரு வரியில் எழுதி மூடுங்கள்.