மறு: ராஃப்டிங்குக்கு என்ன சொல்? என் ஓட்டு புணையோட்டத்துக்கு

வணக்கம் நண்பர்களே,

சீறி ஓடும் ஆற்றில் காற்றடைத்த ரப்பர் மிதவையில் (ராஃப்ட்) துடுப்புப் போட்டு இறங்கும் ராஃப்டிங் விளையாட்டுக்குத் தமிழில் என்ன சொல் என்று இந்தக் குழுவில் கேட்டிருந்தார்கள். பேச்சு, அந்த நுரைத்த தண்ணீரைக் குறிக்கும் 'ஒயிட் வாட்டர்' என்பதை அப்படியே பெயர்த்த 'வெண்ணீர்' என்ற சொல்லையே சுற்றிச் சுற்றி வருகிறது. அதை விட்டுவிடலாம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் காதில் வெந்நீர் என்றுதான் விழும். ரிஷிகேசத்தில் ஓடும் கங்கை பனி உருகி வருவது, கை வைத்தாலே விறைக்கும். அங்கே போய் வெண்ணீர் என்று பலகை மாட்டினால் எங்கள் சேலத்து ஆட்கள் சோப்பு டப்பாவும் துண்டுமாக வந்து நிற்பார்கள்.

நுரைநீர் என்பது என் கட்சி. ஆறு சரிவில் இறங்கிப் பாறையில் மோதி உடையும்போது காற்றுக் குமிழிகள் கலக்கின்றன, அவை ஒளியைச் சிதறடிப்பதால்தான் தண்ணீர் வெள்ளையாகத் தெரிகிறது. குமிழி நிறைந்த தண்ணீருக்கு அடர்த்தியும் குறைவு, ஆளைத் தூக்கிப் பிடிக்காது. நன்றாக நீச்சல் தெரிந்தவருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, நுரை என்று சொல்லிவிட்டால் நிறமும் வந்துவிடுகிறது, ஆபத்தும் வந்துவிடுகிறது.

அடுத்து, ராஃப்ட். தருமபுரி நண்பர் பரிசல் என்கிறார். ஒகேனக்கல்லைப் பார்த்து வளர்ந்தவர் அப்படித்தான் சொல்வார். ஆனால் பரிசலில் ஒரே ஆள் துடுப்புப் போடுவார், நாம் கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். படகுச் சவாரி என்பதும் சரிவராது, ஏற்காடு ஏரியில் மிதிபடகு மிதிப்பதும் படகுச் சவாரிதானே. கங்கைக் கரையில் இருக்கும் சிவபுரியில் ஏறி ரிஷிகேசம் வரை ஏறக்குறைய 16 கிலோமீட்டர் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது வேறு சங்கதி. காற்றடைத்த ரப்பர் விளிம்பின்மேல் உட்கார்ந்து, பாதத்தைக் குறுக்குக் குழாயின் அடியில் செருகிக்கொள்ள வேண்டும், கால்களுக்கு இருக்கிற பிடிமானம் அவ்வளவுதான். துடுப்பின் மேல்முனையில் குறுக்காக ஒரு கைப்பிடி இருக்கும், அதை மூடினாற்போல் பிடித்த கையை எடுக்கவே கூடாது என்று வழிகாட்டி கரையிலேயே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார். எடுத்தால், ஒரு உலுக்கலில் அது பக்கத்தில் இருப்பவர் பல்லைப் பெயர்த்துவிடும். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து படுத்து, கால்களை ஓட்டம் போகும் பக்கம் நீட்டிக்கொள்ள வேண்டும், பாறை வந்தால் தலைக்கு முன்னால் கால் தாங்கும்.

துடுப்பை வைத்தே பெயர் அமைக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். துடுப்பாட்டம் என்றால் நம் ஈழ நண்பர்களுக்குக் கிரிக்கெட். ஏற்கெனவே ஆள் இருக்கிற வீடு அது.

மிஞ்சுவது புணை, மிதவைக்குப் பழந்தமிழ்ச் சொல். புறநானூறு 192ஐ எடுத்துக்காட்டியவரே அதை மறுத்தும் எழுதியிருக்கிறார்: 'நீர்வழிப் படூஉம் புணை' தன் போக்கில் அடித்துச் செல்லப்படுவது, ராஃப்டிங்கில் மனிதர்கள் உழைக்கிறார்களே, எப்படிப் பொருந்தும் என்று. இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை, ஐயா. எட்டுப் பேர் மூச்சுவாங்கத் துடுப்புப் போட்டாலும் ராஃப்டைக் கொண்டுபோவது ஆறுதான். நாம் போடுவது வேகத்துக்கு அல்ல. தண்ணீரின் வேகத்திலேயே மிதந்துகொண்டிருந்தால் திசை திருப்புவது கடினம், அதைவிடக் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ போனால்தான் எந்தப் பாறைக்கு இடப்பக்கம் நுழைவது என்று தீர்மானிக்க முடியும். 'ஃபார்வர்டு', 'பேக்' என்று வழிகாட்டி பின்னால் இருந்து கத்துவதெல்லாம் இதற்காகத்தான். நீர்வழியில் போவது என்பது பொய்யாகவில்லை. அதே பாட்டில் அந்த ஆறு 'கல்பொருது இரங்கும்' ஆறு என்பதையும் பாருங்கள், கல்லில் மோதி இரைகிற ஆறு, நாம் பேசிக்கொண்டிருக்கிற அதே ஆறு. போதாததற்குச் சங்கப் பாடல்களில் வேழப் புணையை, அதாவது நாணல் போன்ற வேழத் தண்டால் கட்டிய மிதவையைத் தழுவிக்கொண்டு புனலாடவும் செய்கிறார்கள், அதாவது விளையாட்டுக்கும் அந்தச் சொல் பழகியிருக்கிறது.

தேரோட்டம் போலப் புணையோட்டம். ஓட்டுபவர் புணையோட்டி. விளம்பரப் பலகையிலும் அடங்கும், 'நாளைக்குப் புணையோட்டம் போறோம்' என்று வாயிலும் வரும். முழுப் பெயர் வேண்டுமென்றால் நுரைநீர்ப் புணையோட்டம்.

ரேபிட் என்பதற்குப் பாய்ச்சல் வேண்டாம், இந்தப் பக்கம் பாய்ச்சல் என்றால் வயலுக்குத் தண்ணீர் விடுவது. ஆற்றின் படுகை சரிந்து, குறுகி, பாறை நெருக்குகிற குறிப்பிட்ட இடம் அது. 'கோல்ஃப் கோர்ஸ்', 'ரோலர் கோஸ்டர்' என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்து, 1 முதல் 6 வரை நிலையும் குறிக்கிறார்கள். அதனால் இடத்தைக் காட்டும் சொல்லாக இருக்கட்டும்: நுரைச்சரிவு. 'அடுத்தது 3ஆம் நிலை நுரைச்சரிவு' என்றால் யாருக்கும் அகராதி தேவைப்படாது.

பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் எதிர்த்திசையில் திரும்பி ஓடும் அமைதியான இடம், ராஃப்டுகள் ஒதுங்கி நின்று மற்றதற்குக் காத்திருக்கிற இடம், அதற்கு என்னிடம் இன்னும் சொல் இல்லை. ஒகேனக்கல் பரிசல்காரர்கள் தினமும் அதில் ஒதுங்குகிறவர்கள், கட்டாயம் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். தருமபுரி நண்பர் பக்கத்தில்தானே இருக்கிறார், அவரே ஒரு எட்டுப் போய்க் கேட்டு எழுதினால் நல்லது. அதுவரை யாரும் புதிதாக ஒன்றைச் செய்து ஒட்டிவிட வேண்டாம்.